அந்தத் தலைவலியையும் படியுங்கள்: ஜேம்ஸ் ரீஸ் வாசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வாசக நண்பர்களுக்கு,

வணக்கம். ஜேம்ஸ் ரீஸ் என்ற அமெரிக்கப் படைவீரனை நாயகனாக வைத்து ஜாக் கார் எழுதும் நாவல்களைப் படித்துவிட்டு நட்சத்திரம் போட்டு, கூடவே நாலு வரியோ நாலு பக்கமோ கருத்து எழுதுகிறவர்களுக்காக இந்த மடல். நானும் உங்களில் ஒருத்திதான். 'தி டெர்மினல் லிஸ்ட்' 2018-ல் வந்தது. நான் அதைத் தொட்டது 2022 ஜூலையில், கிறிஸ் பிராட் நடித்த தொடர் அமேசான் பிரைமில் வந்த பிறகு. எட்டு பகுதிகளையும் இரண்டு ராத்திரியில் பார்த்து முடித்தேன். மூன்றாம் நாள் புத்தகத்தை வாங்கினேன். அதற்கப்புறம் இந்த வரிசையில் ஒன்றையும் விடவில்லை. மொசாம்பிக் காட்டிலும் கம்சாட்கா பக்கத்துத் தீவிலும் ரீஸின் பின்னாலேயே போயிருக்கிறேன். புத்தகத்தை மூடிய கையோடு உங்கள் கருத்துகளைத் தேடிப் படிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. நாவல்களோடு செலவழித்த நேரத்தைவிட உங்களோடு செலவழித்த நேரம் அதிகம் என்றுகூடச் சொல்லலாம்.

அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். முதல் நாவலை இன்னும் படிக்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள், கதை முழுக்க வெளியே வரப்போகிறது.

நீங்கள் அதிகம் பேசுவது ஆயுதங்களைப் பற்றி. துப்பாக்கியின் பெயர், அதன் மேல் மாட்டிய தொலைநோக்கி, குண்டின் எடை, ரீஸ் கையில் எடுக்கும் சின்னக் கோடாலி, அவன் ஓட்டும் பழைய லேண்ட் குரூசர், அப்பா விட்டுப்போன ரோலெக்ஸ் கடிகாரம். இதற்காகவே ஐந்து நட்சத்திரம் தருகிறவர்கள் உண்டு. கடைக்காரன் சரக்குப் பட்டியலைப் படிக்கிற மாதிரி இருக்கிறது என்று இரண்டைக் குறைக்கிறவர்களும் உண்டு. எனக்கு அந்த விவரங்களில் குறை எதுவும் இல்லை. எழுதுகிறவர் 20 வருடம் அமெரிக்கக் கடற்படையின் சீல் என்ற சிறப்பு அதிரடிப் பிரிவில் இருந்தவர், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பணியாற்றியவர். தச்சு வேலை செய்தவர் கதை எழுதினால் உளியைப் பற்றி எழுதத்தான் செய்வார். இன்ன மரத்துக்கு இன்ன உளி என்று அவர் சொல்லும்போது அதில் ஒரு அழகு இருக்கிறது.

அரசியல் சண்டையை நான் தொடப் போவதில்லை. தொடர் வந்தபோது விமர்சகர்கள் பலர் அதை ஒதுக்கினார்கள், பார்வையாளர்கள் கொண்டாடினார்கள். அந்த இடைவெளியை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் அடித்துக்கொண்ட அடியில் கதை எங்கோ காணாமல் போய்விட்டது. போகட்டும்.

நான் பேச வந்தது, 'உள்ளே இருந்தவர் எழுதுகிறார், அதனால் எல்லாம் உண்மை' என்று நீங்கள் எழுதும் அந்த வரியைப் பற்றி. அதற்குச் சான்றாக நீங்கள் காட்டுவது பெரும்பாலும் கறுப்புப் பட்டைகளை. படித்தவர்களுக்குத் தெரியும், பக்கத்தின் நடுவில் திடீரென்று ஒரு சொல்லோ அரை வரியோ கறுப்பு மையால் மூடப்பட்டிருக்கும். ரகசியப் பணியில் இருந்தவர் புத்தகம் எழுதினால், நாவலாகவே இருந்தாலும், அச்சுக்குப் போகும் முன் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தணிக்கை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். வேண்டாம் என்று அவர்கள் அடித்ததை நீக்கிவிட்டு வாக்கியத்தைச் சரிசெய்து போடலாம். ஜாக் கார் அப்படிச் செய்யவில்லை, அடித்ததை அடித்தபடியே விட்டுவிட்டார். அனுப்பாமல் அச்சடித்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. பின்லேடனைக் கொன்ற நடவடிக்கையில் இருந்த ஒரு சீல் வீரர் 2012-ல் தன் அனுபவத்தை அப்படி வெளியிட்டார். 2016-ல் 60 லட்சம் டாலருக்கும் மேலான வருமானத்தை அரசிடம் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆகவே அந்தக் கறுப்புப் பட்டை விளையாட்டல்ல, சரி. ஆனால் இந்த நாவலின் பெரிய உண்மை அந்தப் பட்டைக்குக் கீழே இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அது மூடப்படாத வரிகளில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, முதல் புத்தகம் முழுக்கக் கிடக்கிறது. ரீஸுக்குத் தலை வலிக்கிறது.

கதையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஆப்கானிஸ்தானில் ரீஸின் படைப்பிரிவு பதுங்கித் தாக்கப்படுகிறது. அவனும் கூட இருந்த பூஸர் என்ற வீரனும் மட்டும் பிழைக்கிறார்கள். ரீஸின் மண்டைக்குள் ஒரு கட்டி இருப்பது ஸ்கேனில் தெரிகிறது. செத்துப்போன வீரர்களுக்கும் அப்படியே இருந்திருக்கிறது. ஊர் திரும்பினால் பூஸர் இறந்து கிடக்கிறான், தற்கொலை என்கிறார்கள். பிறகு மனைவி லாரனும் மகள் லூசியும் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். போர்க்காலத்து மன பாதிப்பைத் தடுக்கிற மருந்து ஒன்றை இந்த வீரர்கள் மீது அவர்களுக்கே தெரியாமல் சோதித்திருக்கிறார்கள், கட்டி அதன் விளைவு, அதை மறைக்கத்தான் இத்தனை கொலையும். ரீஸ் ஒரு பட்டியல் எழுதுகிறான். லூசி வண்ணக் குச்சியால் வரைந்த படத்தின் பின்பக்கத்தில், கொல்ல வேண்டியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக.

இதில் நீங்கள் பேசுவது அந்தப் பட்டியலைப் பற்றி. எந்தப் பெயர் எப்படி அடிக்கப்பட்டது, எந்தக் கொலை புத்தகத்தில் இன்னும் கொடூரம், எது திரையில் நன்றாக வந்தது என்பதைப் பற்றி. தலைவலி வரும் இடங்களைப் பற்றி நான் படித்த கருத்துகளில் பெரும்பாலும் ஒரே புகார்தான்: அங்கே வேகம் குறைகிறது. திரைத் தொடரில் அந்தப் பகுதியைக் கூட்டியிருந்தார்கள். ரீஸின் நினைவு கலங்குகிறது, நடந்ததும் நடக்காததும் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன, தாக்குதல் நடந்த இரவைப் பற்றி அவன் சொல்வதை அதிகாரிகள் நம்ப மறுக்கிறார்கள். 'குழப்புகிறது, நேரா விஷயத்துக்கு வாங்க' என்று எத்தனை பேர் எழுதியிருந்தீர்கள். படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருந்தது. ஏன் என்று சொல்ல, என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

என் அறை வாசலில் ஆடியோலஜிஸ்ட் என்று எழுதியிருக்கும். வருகிறவர்கள் 'காது டெஸ்ட் எடுக்கிற மேடம்' என்பார்கள். சத்தம் புகாத ஒரு சின்ன அறையில் அவர்களை உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பேன். 'எவ்வளவு மெல்லிசா கேட்டாலும் அழுத்துங்க' என்பேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு ஒலியாக அனுப்புவேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு முன்னாள் ஹவில்தார் வந்தார். மனைவி கூட வந்திருந்தார். சோதனை தொடங்கிய உடனே அவர் பட்டனை அழுத்தினார். நான் இன்னும் எதுவும் அனுப்பவில்லை. சரி, பதற்றம் போல என்று கொஞ்சம் காத்திருந்தேன். மறுபடி அழுத்தினார். மறுபடி. கதவைத் திறந்து, "சார், நான் இப்போ ஒண்ணும் அனுப்பலையே" என்றேன். "கேட்டுச்சும்மா" என்றார். பொய் சொல்லும் முகம் இல்லை அது. காதுக்குள் ஓயாமல் ஒரு கீச்சொலி ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு, அது எது, நான் அனுப்புவது எது என்று பிரிக்கத் தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்குத் தொடர் ஒலியை விட்டுவிட்டு, துண்டு துண்டாக வரும் ஒலியை அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பி எடுத்த வரைபடத்தில், 4000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் கோடு பள்ளத்தில் இறங்கியது, அந்தச் சுருதியில் காது மந்தம் என்று அர்த்தம். துப்பாக்கிச் சத்தத்திலும் வெடிச் சத்தத்திலும் காலம் கழித்தவர்களுக்குப் பொதுவாக அந்த இடத்தில்தான் இறங்கும்.

வேறு என்ன தொந்தரவு என்று கேட்டேன். பதில் மனைவியிடமிருந்து வந்தது. "ராத்திரி பூரா ரேடியோ ஓடணும் மேடம், இல்லேன்னா தூங்க மாட்டார். பேரு மறந்துடறார். எங்க அக்கா பையன் பேரையே கேக்கறார். ஒண்ணுமில்லாததுக்குக் கோபம் வருது, அப்புறம் அவரே போய் ஒரு ஓரமா உக்காந்துக்கறார்." எந்தச் சண்டையில் இருந்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "சண்டைக்கே போகலம்மா. ட்ரெயினிங்லதான். ஆர்.எல். நிறைய அடிச்சிருக்கேன், பசங்களுக்கு அடிக்கக் கத்துக் குடுத்திருக்கேன். அடிச்சா பல்லெல்லாம் அதிரும்" என்றார். ஆர்.எல். என்றால் தோளில் வைத்துச் சுடும் 84 மில்லிமீட்டர் ஆயுதம். கார்ல் குஸ்டாஃப் என்று ரீஸ் மாதிரிக் கதைகளில் படித்திருப்பீர்களே, அதுதான்.

நான் மூளை மருத்துவர் இல்லை. அவருடைய மறதிக்கும் கோபத்துக்கும் ஆர்.எல்.தான் காரணம் என்று சொல்ல எனக்குத் தகுதி கிடையாது, சொல்லவும் இல்லை. நரம்பியல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். ஆனால் அன்றைக்கு வீட்டுக்குப் போய் 'தி டெர்மினல் லிஸ்ட்' நாவலை மறுபடி எடுத்தேன். இந்த முறை கொலைகளைத் தாண்டித் தாண்டி, தலைவலி வரும் இடங்களை மட்டும் படித்தேன்.

அப்புறம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 2016-ல் 'லான்செட் நியூராலஜி' மருத்துவ இதழில் டேனியல் பெர்ல் என்ற நோய்க்குறியியல் மருத்துவரும் அவருடைய குழுவும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குண்டுவெடிப்பு அலைகளுக்கு ஆளாகி, பின்னாளில் இறந்துபோன அமெரிக்கப் படைவீரர்களின் மூளைகளை ஆராய்ந்திருந்தார்கள். மூளையின் சாம்பல் நிறப் பகுதியும் வெள்ளைப் பகுதியும் சந்திக்கும் இடத்தில், மெல்லிய கோடாகத் தழும்பு இருந்தது. விபத்தில் தலையில் அடிபட்டவர்களுக்கு இருக்கும் சேதம் இப்படி இருக்காது. காரணமும் புரிகிற மாதிரிதான் இருக்கிறது: வெடியிலிருந்து வரும் அழுத்த அலை தலைக்குள் பாயும்போது, அடர்த்தி மாறும் இடங்களில் இழுபடுகிறது, அங்கேதான் கிழிகிறது. உயிரோடு இருப்பவருக்கு எடுக்கிற வழக்கமான ஸ்கேனில் இந்தத் தழும்பு தெரியாது. இறந்த பிறகு, நுண்ணோக்கிக்குக் கீழேதான் தெரியும்.

அமெரிக்க செனட் சபையின் பாதுகாப்புத் தலைவராக இருந்த ஃபிராங்க் லார்க்கின், தாமே முன்னாள் சீல். அவர் மகனும் சீல். மகன் 2017-ல் தற்கொலை செய்துகொண்டான். உயிரோடு இருந்தபோது எடுத்த சோதனைகளில் மூளையில் எதுவும் பிடிபடவில்லை. மூளையை ஆய்வுக்குக் கொடுத்த பிறகுதான் டாக்டர் பெர்லுடைய ஆய்வகத்தில் அந்த வெடிச் சேதம் தெரிந்தது. அன்றிலிருந்து அந்தத் தகப்பன் இதைப் பற்றிப் பேசாத இடம் இல்லை. 2024 ஜூன் மாதக் கடைசியில் 'நியூயார்க் டைம்ஸ்' நீண்ட செய்தி ஒன்றை வெளியிட்டது. தற்கொலை செய்துகொண்ட வேறு சீல் வீரர்களின் மூளைகளிலும் அந்த ஆய்வகம் திரும்பத் திரும்ப இதையே பார்த்திருக்கிறது. பெரும்பாலும் எதிரி வைத்த குண்டால் வந்த சேதம் இல்லை. பயிற்சியிலும் பணியிலும் அவர்களே சுட்ட ராக்கெட், அவர்களே வைத்துக் கதவைத் தகர்த்த வெடி, வருடக்கணக்கில், ஆயிரக்கணக்கான தடவை. இன்னொரு விஷயமும் அதில் இருந்தது: ஆய்வகத்தின் இந்த முடிவுகள் கடற்படைத் தலைமைக்கே போய்ச் சேர்ந்திருக்கவில்லை. யாரும் சதி செய்து மறைக்கவில்லை. ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குத் தகவல் போகவில்லை, அவ்வளவுதான்.

நண்பர்களே, இந்த இடத்தில் பூஸரை நினைத்துக்கொள்ளுங்கள். நாவலில் பூஸர் சாவது தற்கொலை இல்லை, கொலை. ரீஸ் அதை உடனே சந்தேகப்படுகிறான். 'அவன் அப்படிச் செய்யக்கூடியவன் இல்லை' என்று அவனுக்குத் தெரியும். அந்தச் சந்தேகம்தான் கதையின் முதல் முடிச்சு. படித்தபோது எனக்கும் அப்படியே இருந்தது: நல்லவேளை, தற்கொலை இல்லை, யாரோ கொன்றிருக்கிறார்கள். கொன்றவன் இருந்தால் தேடலாம், பிடிக்கலாம், பட்டியலில் பெயர் எழுதலாம். ரீஸின் பழிவாங்கல் நமக்கு இவ்வளவு பிடிப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பிரவுன் பல்கலைக்கழகத்தின் போர்ச் செலவு ஆய்வுத் திட்டம் 2021-ல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகான போர்களில் களத்தில் இறந்த அமெரிக்கப் படையினர் 7,057 பேர். அந்தக் காலத்துப் பணியில் இருந்தவர்களிலும் பணி முடித்தவர்களிலும் தற்கொலை செய்துகொண்டவர்கள் 30,177 பேர். இந்த முப்பதாயிரத்துக்கும் காரணம் வெடி அலை என்று நான் சொல்லவில்லை. மனக் காயம், உடல் வலி, வேலையின்மை, குடும்பம் உடைந்துபோவது, கைக்கெட்டும் இடத்தில் துப்பாக்கி என்று எத்தனையோ இருக்கின்றன. ஆனால் அந்த வீடுகளில் எல்லாம் யாரோ ஒரு நண்பன் 'அவன் அப்படிச் செய்யக்கூடியவன் இல்லையே' என்று சொல்லியிருப்பான். அந்த நண்பனுக்கு எழுத ஒரு பட்டியல் கிடையாது.

வில்லன்கள் நம்பும்படி இருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதுவதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். அமெரிக்க வீரர்களுக்கு அப்படி நம்பக் காரணம் இருக்கிறது. 1955 முதல் 1975 வரை மேரிலாந்தின் எட்ஜ்வுட் ராணுவ மையத்தில் சுமார் 7,000 வீரர்கள் மீது ரசாயனங்களைச் சோதித்தார்கள். 1991 வளைகுடாப் போரில், நரம்பு நச்சுக்கு எதிரான மாத்திரையை வீரர்களின் சம்மதம் கேட்காமலே கொடுக்க விதிவிலக்கு வாங்கினார்கள். மலேரியாத் தடுப்புக்கு வருடக்கணக்கில் கொடுத்த மெஃப்ளோகுயின் மாத்திரை மனத்தையும் நரம்பையும் பாதிக்கலாம் என்று 2013-ல்தான் அதன் உறையில் கடுமையான எச்சரிக்கை ஏறியது. கார் தன் மருந்துச் சதியைக் காற்றிலிருந்து பிடிக்கவில்லை. என் மனத்தாங்கல் வேறு. சதி இருந்தால்தான் காயம் உண்மை என்று நாம் பழகிவிட்டோம். சதி இல்லாத காயத்தைப் பற்றி வரும் பக்கங்கள் நமக்கு மெதுவாகத் தெரிகின்றன.

இரண்டாவது புத்தகமான 'ட்ரூ பிலீவர்' பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு கருத்தை அடிக்கடி பார்த்தேன். ரீஸின் கட்டி உயிரை எடுக்கிற கட்டி இல்லை, அறுவை சிகிச்சையில் எடுத்துவிடலாம் என்று தெரிந்ததும் பலருக்கு நிம்மதி. எனக்கும்தான், நாயகன் பிழைக்க வேண்டாமா? ஆனால் கட்டியை எடுத்ததும் தலையும் சரியாகிவிடுகிறது. அப்புறம் வரும் புத்தகங்களில் அவன் ஓடுகிறான், சுடுகிறான், வெடி வைக்கிறான், ஒவ்வொரு தடவையும் அந்த அழுத்த அலை அவன் மண்டைக்குள் போகிறது, ஒன்றும் ஆவதில்லை. துப்பாக்கியில் எத்தனை குண்டு மீதி என்று தப்பாமல் எண்ணிப் பார்த்து, ஒன்று கூடிவிட்டால்கூட எழுத்தாளரிடம் கேள்வி கேட்கிற நீங்கள், அந்தத் தலை எத்தனை வெடியைத் தாங்கியது என்று ஒருமுறைகூட எண்ணியதில்லை. எண்ணிப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே 2024 ஆகஸ்டில் அதை எண்ண ஆரம்பித்துவிட்டது. 4 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டு அழுத்தத்துக்கு மேல் போகும் ஆயுதங்களுக்குத் தனிக் கட்டுப்பாடு, படையில் சேரும்போதே அறிவாற்றல் சோதனை எடுத்துப் பதிந்துவைப்பது என்று விதிகள் வந்திருக்கின்றன.

லாரனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண் பாத்திரங்களுக்கு இந்த நாவல்களில் இடம் போதவில்லை என்று எழுதுகிறவர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள். பழிவாங்கும் கதைகளில் மனைவி முதலில் சாக வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் இந்தக் கதையில் அதனால் இன்னொன்றும் நடக்கிறது. தலைவலியோடு இருக்கும் ஒருவனுடன் ஒரே வீட்டில் வாழ ஆள் இல்லாமல் போகிறது. பெயர் மறப்பதைப் பார்க்க யாரும் இல்லை. கோபம் வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போக யாரும் இல்லை. என் அறைக்கு வந்த அந்த அம்மா தன் கைப்பையில் ஒரு பழைய டைரி வைத்திருந்தார். எந்தத் தேதியில் எதை மறந்தார், எத்தனை மணிக்குத் தூங்கினார், அடுப்பை எப்போது அணைக்காமல் விட்டார் என்று நீல மையில், சின்னச் சின்ன எழுத்தில். பட்டியல் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இப்போதெல்லாம் லூசியின் படத்துக்குப் பின்னால் எழுதியதைவிட அந்த டைரிதான் ஞாபகம் வருகிறது. லாரன் உயிரோடு இருந்திருந்தால் அப்படி ஒன்றை எழுதியிருப்பாள். அந்த நாவலை யாராவது எழுதினால் நான் முதல் நாளே வாங்குவேன்.

வெடிக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் எல்லாரும் அமெரிக்கர்களும் இல்லை. மோ என்கிற முகமது ஃபரூக் இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம். ஈராக்கியக் கமாண்டோ, ரீஸோடு சேர்ந்து சண்டையிட்டவன். 2025 ஆகஸ்டில் வந்த 'டார்க் வுல்ஃப்' முன்கதைத் தொடரில், பாக்தாத்தில் பிறந்த டேனிஷ் நடிகர் டார் சலீம் அந்த வேடத்தில் வருகிறார். 2023-ல் வந்த ஒரு படத்தில் ஆப்கான் மொழிபெயர்ப்பாளராக நடித்தவரும் அவர்தான். மோ நம்பத் தகுந்தவனா இல்லையா என்று நீங்கள் நிறைய விவாதித்திருக்கிறீர்கள். ரீஸ் வைத்த வெடியின் அலை அவன் தலைக்குள்ளும்தானே போயிருக்கும்? அவனுக்கு யார் ஸ்கேன் எடுப்பார்கள்? கதவைத் தகர்த்தபோது அந்தக் கதவுக்கு அந்தப்புறம், அந்த மண்வீட்டுக்குள் பாயில் படுத்திருந்தவர்களுக்கு?

கார் இதை எல்லாம் எழுதத் தெரியாதவர் இல்லை. முதல் நாவலில், டாக்டர் பெர்லுடைய கட்டுரை வந்த இரண்டே வருடத்தில், சீல் வீரர்களின் தலைக்குள் ஏதோ தப்பாகிவிட்டது, அதை மேலே இருப்பவர்கள் கவனிக்கவில்லை என்ற கதையை எழுதியவர் அவர். சேர்ந்து சண்டையிட்டவர்களின் முகங்களை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதியிருப்பார் என்று நான் நம்புகிறேன். நாம் எதைப் பாராட்டுகிறோம் என்று எழுத்தாளர்களும் தயாரிப்பாளர்களும் பார்க்கிறார்கள். நாம் கோடாலியைப் பாராட்டினால் அடுத்ததில் இரண்டு கோடாலி வரும்.

'ட்ரூ பிலீவர்' நாவலை வைத்து அடுத்த சீசன் எடுக்க முடிவாகியிருக்கிறது. வந்ததும் எல்லாரும் எழுதுவோம், நானும் எழுதுவேன். துப்பாக்கியைப் பற்றி எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே ரீஸ் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் காட்சி எத்தனாவது நிமிடத்தில் வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று இரண்டு வரி சேருங்கள். குழப்புகிறது என்று தோன்றினால், அந்தக் குழப்பம் அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எழுதுங்கள். உங்களில் படையில் இருந்தவர்கள் உண்டு, படையில் இருந்தவரின் மகனோ மகளோ மனைவியோ உண்டு என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. காதில் இரைச்சல், தலைவலி, மறதி என்று இருந்தால், எத்தனை வருடம் எந்த ஆயுதத்தை எவ்வளவு சுட்டார் என்பதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள், நானும் அந்த ஹவில்தார் வரும்வரை கேட்டதில்லை. இப்போது ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன்.

அவர் இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வந்தார். காதுக் கருவி பொருத்தினோம், இரைச்சலைத் தணிக்கிற மெல்லிய ஒலியும் அதில் வைத்துக் கொடுத்தேன். நரம்பியல் மருத்துவரிடம் போய்க்கொண்டிருக்கிறார்களாம். ரேடியோ இன்னும் ஓடுகிறதா என்று கேட்டேன். சத்தத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டதாக அந்த அம்மா சொன்னார், டைரியைத் திறந்து தேதியையும் காட்டினார்.

அன்புடன்,
உங்களைப் போல இந்த வரிசையை விடாமல் படிக்கும் ஒருத்தி